மாவுக்கடைக்கு எத்தனை காகிதம்? நம்ம கொம்யூனில் ஒரு சிறுதொழிலைப் பதிவு செய்யும் கதை



வில்லியனூரில் இருந்து மதகடிப்பட்டு பக்கம் காலேஜ் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது தெரியும். அரியூர் வரைக்கும் புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. கொஞ்ச தூரம் போனால் திருபுவனை, மறுபடியும் புதுச்சேரி. பெட்ரோல் பங்க் விலைப்பலகையைப் பார்த்தாலே எந்த ஊரில் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். பாகூர் பக்கத்து ஆட்களுக்கும் இதே கதைதான், முள்ளோடை தாண்டினால் கடலூர் மாவட்டம்.

பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிற இந்த எல்லை, ஒரு சின்னத் தொழில் ஆரம்பிக்கும்போது எவ்வளவு பெரிய விஷயம் ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. "தொழில் பதிவு செய்வது எப்படி" என்று தமிழில் தேடினால் வருகிற வீடியோக்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டு ஆட்கள் தமிழ்நாட்டுக்காகப் போட்டவை. மொழி நம்முடையது, விதி நம்முடையது இல்லை. அதை நம்பி நடந்தால் சில இடங்களில் சிக்கல்தான்.

எங்க வீட்டில் அப்படித்தான் சிக்கினோம். அம்மா இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் விற்க ஆரம்பித்தார். வியாபாரம் கொஞ்சம் பிடித்ததும் "கவர்மெண்ட் லைசென்ஸ் எடுத்துடலாம்மா" என்று நான்தான் சொன்னேன். ஒரு பிரௌசிங் சென்டரில் 1,500 ரூபாய் கொடுத்தோம். பத்து நிமிஷத்தில் அசோகச் சின்னம் போட்ட சர்டிபிகேட் வந்தது. அம்மா அதை ஃபிரேம் போட்டு மாட்டினார். அப்புறம் பாக்கெட்டைக் கடையில் வைக்கச் சொல்லிக் கேட்டபோது கடைக்காரர் சர்டிபிகேட்டின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது உத்யம். ஃபுட் லைசென்ஸ் நம்பர் எங்க?" என்றார். அன்றைக்குத்தான் புரிந்தது, நாங்கள் வாங்கியது லைசென்ஸே இல்லை. அதைவிட வயிற்றெரிச்சல், அது முழுக்க இலவசம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அலுவலகமாக அலைந்து கற்றுக்கொண்டது ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் சேர்த்து "ஒரு லைசென்ஸ்" என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு காகிதமும் ஒரு கேள்விக்குப் பதில். ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. கேள்விகள் ஐந்து: யார் நடத்துகிறார்? எவ்வளவு பெரிசு? எங்கே நடக்கிறது? என்ன விற்கிறீர்கள்? யாருக்கு விற்கிறீர்கள்? அந்த வரிசையிலேயே போவோம்.

1. யார் நடத்துகிறார்?

ஒரே ஆள் சொந்தப் பெயரில் நடத்தினால் அது தனியுரிமைத் தொழில். இதற்குத் தனியாக ஒரு பதிவே கிடையாது. உங்க பான் கார்டுதான் தொழிலின் பான் கார்டு. லாபமும் உங்களுக்கு, கடனும் உங்களுக்கு. தொழிலில் கடன் விழுந்தால் உங்க சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டிவரும்.

ரெண்டு ஃபிரெண்ட்ஸ் சேர்ந்து ஆரம்பித்தால் கூட்டு நிறுவனம். 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் இதற்கானது. பதிவு கட்டாயமில்லை என்றுதான் சட்டமும் சொல்கிறது. ஆனால் 69-ஆம் பிரிவைப் படியுங்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், ஒப்பந்தப்படி பணம் தராத வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. பங்காளிகளுக்குள் தகராறு வந்து ஒப்பந்த உரிமையைக் கேட்டாலும் கோர்ட் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். "மச்சான், நமக்குள்ள எதுக்குடா பத்திரம்" என்று ஹாஸ்டலில் பேசுவது நன்றாகத்தான் இருக்கும். இருந்தாலும் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.

அடுத்த படிகள் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்எல்பி, 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பிரைவேட் லிமிடெட். இவற்றில் உங்க பொறுப்பு போட்ட பணத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். பதிலுக்கு வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். மாவுக்கடைக்கு இது தேவைப்படாது. முதலீட்டாளரைத் தேடும் ஸ்டார்ட்-அப்புக்குத் தேவைப்படும்.

2. எவ்வளவு பெரிசு?

இதற்குப் பதில்தான் உத்யம். 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் பதிவு. ஆதார், பான், ஓடிபி போதும். எந்த ஆவணத்தையும் அப்லோட் செய்ய வேண்டாம். கட்டணம் பூஜ்யம். பெயரும் தோற்றமும் அதே மாதிரி இருக்கும் தனியார் தளங்கள் நிறைய உண்டு. முகவரி "ஜிஓவி டாட் இன்" என்று முடிகிறதா பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கேட்டால் நீங்கள் வேறு கடையில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

2025 ஏப்ரல் 1 முதல், இயந்திர முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் அது குறுந்தொழில். நம்மில் யாரும் இதைத் தாண்டப்போவதில்லை.

லைசென்ஸ் இல்லை என்றால் உத்யம் எதற்கு? ரெண்டு விஷயத்துக்கு. ஒன்று, பேங்கில் கடைப் பெயரில் கரண்ட் அக்கவுண்ட் திறக்கும்போது தொழில் நடப்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள், பொதுவாக இரண்டு. அதில் ஒன்றாக இது செல்லும். இரண்டு, பாக்கி வசூல். மாவு வாங்கும் ஹோட்டல்காரர் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று இழுத்தால், 2006-ஆம் ஆண்டுச் சட்டம் உங்க பக்கம் நிற்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. இது தயாரிப்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் கிடைக்கும், இந்தச் சலுகை கிடைக்காது.

3. எங்கே நடக்கிறது?

இங்கேதான் முதல் தடவையாக எல்லை குறுக்கே வருகிறது. தமிழ்நாட்டு வீடியோவில் "ஊராட்சி மன்றத் தலைவரைப் பாருங்கள்" என்பார்கள். நமக்கு அப்படி இல்லை.

1880-இல் பிரெஞ்சு அரசு இங்கே கொம்யூன்களை உருவாக்கியபோதே வில்லியனூரும் பாகூரும் அதில் இருந்தன. விடுதலைக்குப் பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. 1973-ஆம் ஆண்டு புதுச்சேரி கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம்தான் இன்றைய அடிப்படை. புதுச்சேரிப் பகுதியில் ஐந்து கொம்யூன்கள்: அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு. 2006-இல் 38 வருஷத்துக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன்பிறகு நிர்வாகம் அதிகாரிகள் கையில் போனது. அதனால் தொழில் உரிமம் கேட்டு நாம் போகவேண்டிய இடம் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம், விண்ணப்பம் எழுதவேண்டியது ஆணையர் பெயருக்கு.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். வில்லியனூர் என்ற பெயரில் தாலுகாவும் உண்டு, கொம்யூனும் உண்டு. பாகூருக்கும் அப்படியே. ரெண்டும் வேறு வேறு அலுவலகம். குடியிருப்பு, சாதி, வருமானச் சான்றிதழ் என்றால் தாலுகா ஆபீஸ். வீட்டு வரி, கட்டட அனுமதி, தொழில் உரிமம் என்றால் கொம்யூன். நான் முதல் நாள் தப்பான க்யூவில் ஒரு மணி நேரம் நின்றேன்.

பொதுவாகக் கேட்பது: அடையாளச் சான்று, இடத்தின் வீட்டு வரி ரசீது, வாடகை இடம் என்றால் ஒப்பந்தமும் உரிமையாளரின் சம்மதமும், என்ன தொழில், எத்தனை குதிரைத்திறன் மோட்டார் என்ற விவரம். மோட்டார் விவரத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்று ஒரு மனு கொடுத்தால் அதைத்தான் முதலில் வந்து பார்ப்பார்கள். உரிமத்தில் முடியும் தேதி இருக்கும். அன்றைக்கே போனில் ரிமைண்டர் போட்டுவிடுங்கள்.

அதே மோட்டாருக்கு இன்னொரு பக்கமும் உண்டு, கரண்ட். வீட்டு மீட்டரில் வியாபார கிரைண்டர் ஓட்டுவது நம்ம ஊரில் சகஜம். ஆனால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி அது அனுமதியற்ற பயன்பாடு. சோதனையில் பிடிபட்டால் அந்த வகைக்கு உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு கட்டணும். எப்போதிருந்து ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்குக் கணக்குப் போடுவார்கள். ஒரு வருஷ லாபம் ஒரே பில்லில் போய்விடும். தொழில் ஆரம்பிக்கும்போதே மின்துறையில் இணைப்பின் வகையை மாற்றக் கேட்டுவிடுவது நல்லது.

சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கடை நடத்தினால், தொழிலாளர் துறையையும் பார்க்க வேண்டும். நமக்குப் பொருந்துவது 1964-ஆம் ஆண்டு புதுச்சேரி கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் இல்லை.

4. என்ன விற்கிறீர்கள்?

சாப்பிடும் பொருள் எதுவானாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ கட்டாயம். வீட்டு அடுப்படியில் செய்தாலும் சரி, இன்ஸ்டாகிராமில் விற்றாலும் சரி. 2011-ஆம் ஆண்டு விதிகள் முதலில் போட்ட கோடு இது: ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் வரை பதிவு மட்டும் போதும், வருஷத்துக்கு 100 ரூபாய் என்று இருந்தது. அதைத் தாண்டினால் மாநில உரிமம் வேண்டியிருந்தது. விண்ணப்பம் ஃபாஸ்காஸ் தளத்தில். போட்டோ, அடையாளச் சான்று, சுத்தம் பற்றிய சுய உறுதிமொழி இவ்வளவுதான். 14 இலக்க எண் வரும். அதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு வரி அந்த விதிகளில் இருக்கிறது. பதிவுக்கு விண்ணப்பித்து 7 நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணத்தோடு மறுக்க வேண்டும், அல்லது இடத்தைப் பார்க்க வருவதாக நோட்டீஸ் தர வேண்டும். எதுவுமே வராவிட்டால் சிறு உணவுத் தொழில் செய்பவர் தொழிலைத் தொடங்கலாம். அதனால் விண்ணப்பித்த அன்றைக்கு வந்த ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள்.

பாக்கெட் போட்டு விற்றால் 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டமும் உண்டு. தயாரிப்பவர் பெயர் முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதம் வருடம், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு இத்தனையும் அச்சில் இருக்க வேண்டும். உணவு என்பதால் சேர்மானப் பட்டியல், பச்சைப் புள்ளி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் சேரும். தராசுக்கு எடையளவுத் துறையின் முத்திரை வேண்டும். முதல் ரோல் பாக்கெட்டை அச்சடிக்கும் முன்பே எஃப்எஸ்எஸ்ஏஐ எண் கையில் இருக்கட்டும். நாங்கள் அச்சடித்த பிறகு வாங்கி, ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஸ்டிக்கர் ஒட்டினோம்.

5. யாருக்கு விற்கிறீர்கள்?

இது ஜிஎஸ்டி. எல்லை இரண்டாவது தடவையாக, இன்னும் பலமாகக் குறுக்கே வருவது இங்கேதான்.

"பொருள் விற்பவருக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம்." இதை நீங்கள் பத்து வீடியோவில் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டுக்கு அது சரி. 2019 ஏப்ரலில் அந்த உயர்வு வந்தபோது அதில் சேராத பகுதிகளில் புதுச்சேரியும் ஒன்று. நமக்கு வரம்பு 20 லட்சம்தான். கண்டமங்கலத்துக் கடைக்காரருக்கு 40, பக்கத்தில் இருக்கும் அரியூர்க் கடைக்காரருக்கு 20.

நாம் இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்ஸ், கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாவு கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷம் 20 லட்சம் என்றால் ஒரு நாளைக்கு 5,479 ரூபாய், அதாவது சுமார் 137 கிலோ.  இந்த எண்ணைக் கடைச் சுவரில் எழுதி வையுங்கள். லாபத்தைப் பார்த்து "நமக்கு எங்க 20 லட்சம்" என்று நினைக்காதீர்கள். கணக்கு மொத்த விற்பனைக்கு. ஒரே பான் எண்ணில் நடக்கும் எல்லா வியாபாரமும் அதில் சேரும்.

இதைவிட முக்கியமானது, வேறு மாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால் இந்த 20 லட்சம் வரம்பே கிடையாது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி, மாநிலம் விட்டு மாநிலம் வரிக்குரிய பொருள் விற்பவர் முதல் ரூபாயிலிருந்தே பதிவு செய்ய வேண்டும். நம்ம ஜிஎஸ்டி எண் 34 என்று ஆரம்பிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அரியூரிலிருந்து சைக்கிளில் கண்டமங்கலம் டீக்கடைக்கு மாவு கொண்டுபோய்க் கொடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம். மதுரைக்காரருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அவர் 100 கிலோமீட்டர் போனாலும் தமிழ்நாடுதான். நமக்கு ஊர் எல்லையே மாநில எல்லை.

வாடிக்கையாளர் அவராகவே நம்ம கடைக்கு வந்து வாங்கிக்கொண்டு போனால்? அவர் ஜிஎஸ்டி பதிவு இல்லாத சாதாரண ஆள், பில்லில் அவர் முகவரி எழுதப்படவில்லை என்றால், விற்பனை நம்ம இடத்தில் நடந்ததாகத்தான் கணக்கு. அவர் வண்டி எண் எந்த மாநிலம் என்று பார்க்க வேண்டியதில்லை. வாங்குபவர் பதிவுள்ள வியாபாரி என்றால் பொருள் எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பார்ப்பார்கள். இங்கே ஜாக்கிரதை.

வெப் டிசைன், கோடிங் பண்ணும் நண்பர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சேவைக்கு இந்தத் தொல்லை இல்லை. பெங்களூரு கிளையண்டுக்கு வேலை செய்தாலும் வருஷம் 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். இது 2017-லேயே வந்த விலக்கு.

சிறியவர்களுக்கான காம்போசிஷன் முறையும் உண்டு. விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் தயாரிப்பாளர், வியாபாரி 1% கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் வாடிக்கையாளரிடம் வரி வாங்க முடியாது, வேறு மாநிலத்துக்கு விற்கவும் முடியாது. கண்டமங்கலம் ஆர்டர் இந்தக் கதவையும் மூடிவிடும்.

வரிசை மாறினால் என்ன ஆகும்?

ஐந்து கேள்வியும் முடிந்தது. இப்போது எதை முதலில் செய்வது என்ற விஷயம். நாங்கள் உண்மையிலேயே பணத்தை இழந்தது இதில்தான். அந்த 1,500 ரூபாயெல்லாம் இதற்கு முன்னால் சும்மா.

பிஎம்இஜிபி என்று ஒரு மத்திய அரசுத் திட்டம், 2008-இல் தொடங்கியது. 2022-இல் திருத்திய விதிகளின்படி பஞ்சாயத்து நிர்வாகத்தில் இருக்கும் இடங்கள் கிராமப்புறக் கணக்கில் வரும், நகராட்சி என்றால் நகர்ப்புறம். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25%, சிறப்புப் பிரிவுக்கு 35% மானியம். நகர்ப்புறத்தில் 15%, 25%. பெண்கள், பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் எல்லாரும் சிறப்புப் பிரிவு. சொந்தப் பணம் 5% போதும்.

அம்மாவுக்குக் கணக்குப் போட்டால்: பெரிய கிரைண்டர், ஃபிரிட்ஜ், பாக்கெட் மெஷின் எல்லாம் சேர்த்து 4 லட்சம் என்றால், கொம்யூனில் மானியம் 1,40,000 ரூபாய். இதே கடை புதுச்சேரி நகராட்சிக்குள் இருந்தால் 1,00,000. வில்லியனூர், பாகூர்க்காரர்களுக்கு எல்லை சாதகமாக வேலை செய்யும் ஒரே இடம் இது!

ஆனால் அந்த மானியம் புதுத் தொழிலுக்கு மட்டும். நாங்கள் அவசரப்பட்டு எடுத்த உத்யமில் தொழில் தொடங்கிய தேதி இருந்தது. வங்கியில் அதைப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே நடக்கிற யூனிட்டாச்சே" என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஃபிரேம் போட்டு மாட்டிய சர்டிபிகேட்தான் எங்களுக்கு எதிரான சாட்சி.

அதனால் இந்த மாதிரி மானியக் கடன் வேண்டுமென்றால், முதலில் தட்டாஞ்சாவடியில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது, யார் தகுதி என்று கேளுங்கள். மெஷின் வாங்குவதும் தொடங்கிய தேதி போடுவதும் அதற்குப் பிறகுதான். வீடியோவில் வரும் நீட்ஸ், யுஒய்இஜிபி ரெண்டும் தமிழ்நாடு அரசுத் திட்டங்கள், அவற்றைக் கேட்டுக்கொண்டு இங்கே நிற்காதீர்கள். ஏற்கெனவே நடக்கும் சிறு உணவுத் தொழிலுக்கென்று 2020-இல் பிஎம்எஃப்எம்இ திட்டம் வந்தது. அதில் 35% வரை, அதிகபட்சம் 10 லட்சம் மானியம். எங்களை மாதிரி முந்திக்கொண்டவர்கள் கேட்டுப் பார்க்கவேண்டியது அதைத்தான். இந்தத் திட்டங்களுக்குக் காலவரையறை உண்டு, விற்றுமுதல் வரம்புகளும் அவ்வப்போது மாறும். இந்தக் கட்டுரையில் இருக்கும் எண்களை விண்ணப்பிக்கும் அன்றைக்கு அந்தந்த அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்த வரிசை சுருக்கமாக:

முதலில் யார் பெயரில் என்று முடிவு செய்து பான் கார்டைத் தயாராக வையுங்கள்.
மானியக் கடன் தேவையா என்று பார்த்து, தேவையென்றால் தொழில் மையம்.
இடம் முடிவானதும் கொம்யூன் உரிமம், மின் இணைப்பின் வகை.
உணவு என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ. அதற்குப் பிறகுதான் பாக்கெட் அச்சு, தராசு முத்திரை.
உத்யம், அதை வைத்து கரண்ட் அக்கவுண்ட்.
எல்லை தாண்டி விற்கிறீர்களா, 20 லட்சத்தை நெருங்குகிறீர்களா என்று பார்த்து ஜிஎஸ்டி.

கடைசியாக ஒரு ஹோம்வொர்க்

போன மாசம் கண்டமங்கலத்தில் ஒரு டீக்கடைக்காரர், "அக்கா, தினம் 10 கிலோ கொண்டுவந்து கொடுக்கறீங்களா" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா உடனே சரி சொல்லவில்லை. "தம்பி, கணக்குப் போட்டுச் சொல்லு" என்று என்னிடம் விட்டுவிட்டார்.

இப்போது உள்ளூரில் தினம் 60 கிலோ போகிறது. வருஷம் 8.76 லட்சம். கண்டமங்கலம் 10 கிலோ சேர்ந்தால் 1.46 லட்சம் கூடும், மொத்தம் 10.22 லட்சம். ஜிஎஸ்டி பதிவு வந்துவிட்டால் வரி அந்த 10 கிலோவுக்கு மட்டும் இல்லை, எல்லா மாவுக்கும். இட்லி மாவுக்கு 5%. விலையை ஏற்ற முடியாது, தெருவில் போட்டி அப்படி. அதே 40 ரூபாய்க்குள் வரியும் அடங்க வேண்டும் என்றால், உள்ளீட்டு வரிக் கழிவைச் சேர்க்காமல், வருஷம் சுமார் 48,700 ரூபாய் வரிக்கே போகும். புது விற்பனையில் நாலில் ஒரு பங்கு மிஞ்சும் என்று வைத்தால் கிடைப்பது 36,500. ஆக, ஆர்டரை எடுத்தால் 12,000 ரூபாய் நஷ்டம்! ஆடிட்டர் ஃபீஸ் தனி.

எத்தனை கிலோவில் கட்டுப்படியாகும்? நானே சமன்பாடு எழுதிப் பார்த்தேன். 14 கிலோவுக்குப் பக்கத்தில் வருகிறது. 30 கிலோ என்றால் வரி போக வருஷம் 47,000 ரூபாய் மாதிரி மிஞ்சும். அப்போது மொத்த விற்பனை 13 லட்சத்தைத் தாண்டும். நாலாவது கேள்விக்குத் திரும்பிப் போய் உணவு உரிமத்தின் வரம்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அந்தப் பக்கத்துல இன்னும் ரெண்டு கடையைக் கேட்டுப் பார்ப்போம். மூணு கடை சேர்ந்தா எடுக்கலாம், இல்லன்னா வேணாம்" என்றார். இந்த ஞாயிற்றுக்கிழமை கண்டமங்கலம் போகிறோம்.

உங்க வீட்டிலும் யாராவது முறுக்கு, ஊறுகாய், சுடுமண் பொம்மை, தையல் என்று ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து இந்த ஐந்து கேள்விக்கும் ஒரு பேப்பரில் பதில் எழுதிப் பாருங்கள். பிரௌசிங் சென்டர் போவது அதற்கு அப்புறம்.